இயக்குபவரின் கவனக்குறைவு

உக்காரலாமுங்களா? இல்லீங்க, சன்னலோரம் நீங்களே இருங்க, எனக்குக் காத்து ஆகாது. நான் கோயமுத்தூருங்க. நீங்க? சேலமா, சரி. அது வரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு. பையை இப்படிக் கால்கிட்ட வெச்சுக்கறேன். ஒண்ணுமில்லீங்க, ஒரு லேப்டாப்பு, ஒரு துண்டு, அவ்வளவுதான்.

கிருஷ்ணகிரிக்கு எதுக்கு வந்தேன்னா, ஒருத்தருக்கு ஒரு விளக்கம் சொல்றதுக்கு வந்தேனுங்க. எங்க வீட்டுல கேட்டீங்கன்னா, மன்னிப்புக் கேக்கப் போயிருக்காருன்னு சொல்லுவா. அது வேற, இது வேறயுங்க. மன்னிப்புங்கறது தப்புப் பண்ணினவன் கேக்கறது. விளக்கங்கறது விஷயம் தெரிஞ்சவன் சொல்றது. நான் இந்தத் தொழில்ல பதினாறு வருஷமா இருக்கறேன்.

என் பேரு குணாளன். மெஷின் ஓட்டற சாப்ட்வேர் இருக்குதில்லீங்களா, மரம் செதுக்கறது, தகடு வெட்டறது, கல்லுல எழுத்து வெட்டறது, இதையெல்லாம் ஓட்டறது. அதை வெளிநாட்டுல நாலஞ்சு பேரு சேர்ந்து எழுதி, யாரு வேணா எடுத்துக்குங்கன்னு போட்டுட்டாங்க. அது மெஷின் பக்கத்துல ஒரு பெட்டிக்குள்ள உக்காந்திருக்கும். மேசை மேல இருக்கற கம்ப்யூட்டரு அந்தப் பெட்டிகிட்டப் பேசணுமில்லீங்களா? அதுக்கு நடுவுல ஒரு ஆளு வேணும். சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்க்கற ஆளு. அதுக்குப் பேரு லைப்ரரி. புஸ்தகம் வெக்கற லைப்ரரி இல்லீங்க. பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் பாஷை, அதுல அந்த லைப்ரரியை எழுதினது நானுங்க. ஒத்தை ஆளா. நானும் அதை நெட்டுல சும்மாதான் போட்டிருக்கறேன். பல நாட்டுல ஓடுது. பெருமைக்குச் சொல்லலை, நடந்ததைச் சொல்றேன்.

பர்கூர் ரோட்டுல தீர்த்தகிரின்னு ஒருத்தரு கல் பட்டறை வெச்சிருக்காரு. கருங்கல்லைப் பலகை பலகையா அறுத்து, பளபளன்னு ஆக்கி, அதுல எழுத்து வெட்டித் தருவாங்க. சமாதிக் கல்லு, அடிக்கல் நாட்டற கல்லு, கோயிலுக்கு நன்கொடை கொடுத்தவங்க பேரு போட்ட கல்லு. போன ஐப்பசியில மெஷின் வாங்கினாரு. பெட்டி வெச்சு, என் லைப்ரரியைப் போட்டு, எல்லாத்தையும் நாந்தான் ஓடவெச்சுக் கொடுத்தேன். மெஷினை ஓட்டறதுக்கு நாகவேணின்னு ஒரு பொண்ணு. முப்பது வயசு இருக்கும். ஐடிஐ படிச்சது. நல்ல பொண்ணுதாங்க, வேலை தெரிஞ்ச பொண்ணு, நான் இல்லைங்கலை. ஆனா ஒரு நோட்டு வெச்சிருக்கும். எதைப் பாத்தாலும் அதுல எழுதும். அது எனக்கு ஆரம்பத்துல இருந்தே புடிக்கலை.

மெஷின் ஓட ஆரம்பிச்சுப் பத்து நாள் இருக்கும். போன் வருது. "சார், கல்லு முடியற நேரத்துல கோடு விழுது."

என்ன கோடுன்னா, எழுத்தெல்லாம் அருமையா வெட்டிருதுங்க. கடைசியில அந்த வைர முனை மேல தூக்கிட்டு, தலை தன்னால மூலைக்குப் போய் நிக்கணும். தூக்காமயே போகுது. கல்லுல பதிஞ்ச முனையோட போகுது. வழுவழுன்னு இருக்கற கல்லு மேல குறுக்கால ஒரு கீறல். மறுபடி கல்லைத் தேய்க்கணும், மறுபடி வெட்டணும்.

நான் அன்னிக்கே கெளம்பி வந்தேன். நான் அப்படித்தானுங்க, ஒரு கம்ப்ளெயிண்டுன்னா உக்காந்திருக்க மாட்டேன். வந்து, என் லேப்டாப்புல இருந்த சோதனைப் பைலை ஓட்டினேன். கோடு இல்லை. மறுபடி ஓட்டினேன். இல்லை. மூணாவது தடவையும் ஓட்டினேன். பட்டு மாதிரி ஓடுது. கேபிளா இருக்கும்னு சொல்லி, புதுக் கேபிள் மாத்தச் சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். சேலம் தாண்டலை, போன் வருது. "சார், மறுபடி கோடு."

ரெண்டாந் தடவை வந்தேன். எர்த்து சரியில்லைன்னு பட்டுது. கொல்லைப்பக்கம் ஆளை விட்டுக் குழி தோண்டி, உப்பு கரியெல்லாம் கொட்டி, கம்பி இறக்கினோம். என் பைலை ஓட்டினேன். ஓடுது. நான் கெளம்பினேன். கோடு விழுந்துருச்சு.

நீங்களே சொல்லுங்க. நான் ஓட்டினா ஓடுது. அந்தப் பொண்ணு ஓட்டினா கெட்டுப்போகுது. மெஷின் அதே மெஷின், கல்லு அதே கல்லு. இதுக்கு என்னங்க அர்த்தம்? ஒரு அர்த்தந்தான இருக்குது.

அப்பத்தான் அந்தப் பொண்ணு நோட்டை எடுத்துட்டு வந்துச்சு. "சார், ஒண்ணு சொல்லட்டுங்களா? ஒவ்வொரு வேலைக்கும் தலைப்புல ஒரு குறிப்பு எழுதறேன். எந்தக் கோயில், எந்தப் பக்கம் மேல, யாரு வந்து எடுத்துட்டுப் போவாங்கன்னு. கல்லு ஏத்தறவங்க பாத்துக்கறதுக்காக. அந்தக் குறிப்பைத் தமிழ்ல எழுதினாக் கோடு விழுது. இங்கிலீஷ்ல எழுதினா விழலை."

நான் சிரிச்சுட்டேனுங்க. யாரா இருந்தாலும் சிரிப்பாங்க. "ஏம்மா, குறிப்பு மனுசங்க படிக்கறதுக்கு. மெஷின் அதைப் படிக்கறதே இல்லை, தாண்டிப் போயிரும். அதுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது"ன்னேன். தீர்த்தகிரியும் சிரிச்சாரு. பட்டறையில எல்லாருமே சிரிச்சாங்க.

அந்தப் பொண்ணு சிரிக்கலை. "பதினெட்டு கல்லு பாத்துட்டேன் சார். குறிப்பு நீளமா இருந்தா, கோடு மட்டுமில்லை, கடைசி எழுத்தோட சுழியும் பாதியில நிக்குது. வால் அந்து போன மாதிரி"ன்னுச்சு.

தூசி போயிருக்கும்னு சொன்னேன். கல் பட்டறையில தூசிக்கு என்ன பஞ்சம்?

இந்த விஷயத்தைக் கோயமுத்தூர்ல ஒரு பயிற்சி வகுப்புல சொன்னேனுங்க. நாப்பது பேரு. மெஷினுக்குத் தமிழ் புடிக்கலைன்னு சொல்ற ஆபரேட்டரு கதைன்னு. வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சாங்க. பேரைச் சொல்லலை. அந்த நாகரிகம் எனக்கு இருக்குது.

மூணாந் தடவை கார்த்திகை மாசம் வந்தேன். தீர்த்தகிரி கொஞ்சம் கடுப்பா இருந்தாரு. அந்தப் பொண்ணு குறிப்பையெல்லாம் இங்கிலீஷ்ல எழுத ஆரம்பிச்சிருந்துச்சு. கோடு விழலைதான். ஆனா கல்லு ஏத்தற ஆளுங்க படிக்க முடியாம, தருமபுரிக்குப் போக வேண்டிய சமாதிக் கல்லு ஓசூருக்குப் போயிருச்சு. அங்க குடும்பமே கூடி நிக்குது, கல்லுல வேற யாரு பேரோ. அதனால அவரு, "சார், இதுக்கு இன்னிக்கு ஒரு முடிவு சொல்லிட்டுப் போங்க"ன்னாரு.

நான் எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வெச்சேன். "தமிழ்தான பிரச்சனை? பாருங்க"ன்னு சொல்லி, என் சோதனைப் பைல்ல குறிப்புல தமிழ்ல 'அ' போட்டேன். ஒரே ஒரு அ. ஓட்டினேன். கோடு இல்லை. "பாத்தீங்களா?"ன்னேன்.

"ஒரு எழுத்துக்கு விழாது சார். நீளமா எழுதிப் பாருங்க"ன்னுச்சு அந்தப் பொண்ணு.

எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. அதோட, ஒரு அ ஓடினா ஆயிரம் அ ஓடுமில்லீங்களா? அதுதான நியாயம்? "தைரியமாத் தமிழ்லயே எழுதுங்க. நான் சொல்றேன், எழுதுங்க"ன்னேன். தீர்த்தகிரியும், "சார் சொல்லிட்டாரு இல்ல, இனிமே தமிழ்லதான் எழுதணும்"னுட்டாரு.

அந்தப் பொண்ணு அந்த நோட்டுல அதையும் எழுதுச்சு. தேதி போட்டு எழுதுச்சுங்க. நான் பாத்தேன்.

டிக்கெட்டா? இந்தாங்க, கோயமுத்தூர் ஒண்ணு.

எங்க விட்டேன்? ஆங். தை மாசம். ஒரு ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். நன்கொடைக் கல்லு. எட்டடிக்கு நாலடி, இருநூத்திப் பதினாலு பேரோட பேரு. மூணு நாள் வெட்டினாங்க. குறிப்பு வேற நீளம், கோயில் பேரு, அம்மன் பேரு, எந்தச் சுவத்துல பதிக்கணும், எல்லாம். கடைசிப் பேரு முடிஞ்சுது. முனை தூக்கலை. கீழ் மூலையில இருந்து மேல் மூலைக்குக் குறுக்கால இழுத்துட்டுப் போயிருச்சு.

அந்தக் கோடு வழியில மூணு பேரு பேரு மேல போயிருக்குது. மூணு பேரும் ஒரே வீட்டுக்காரங்க. அண்ணன் தம்பிங்க. மூணு பேருமே உசுரோட நல்லா இருக்கறவங்க. கல்லை எடுக்க வந்தவங்க பாத்துட்டாங்க. மறுநாள் ரெண்டு வேன்ல ஊரே வந்துருச்சு. உசுரோட இருக்கறவன் பேரைக் கல்லுல அடிக்கறதான்னு ஒருத்தரு கத்தறாரு. எங்க பங்காளிங்க சொல்லித்தான் அடிச்சியான்னு இன்னொருத்தரு அந்தப் பொண்ணுகிட்டக் கேக்கறாரு. அது நோட்டைக் கையில புடிச்சுட்டு நிக்குது.

தீர்த்தகிரி எனக்குப் போன் பண்ணினாரு. "சார், எழுத்து மூலமா ஒண்ணு கொடுங்க. ஊர்க்காரங்ககிட்டக் காட்டணும்."

நான் கொடுத்தேனுங்க. ஆபீஸ் தாள்ல, முத்திரை வெச்சு. நான் தமிழ் நல்லா எழுதுவேன். 'மென்பொருளில் எவ்விதக் குறைபாடும் காணப்படவில்லை. மூன்று முறை நேரில் சோதித்தும் பிழை நிகழவில்லை. எனவே இது இயக்குபவரின் கவனக்குறைவு என்றே கருத வேண்டியுள்ளது.' கருத வேண்டியுள்ளதுன்னுதான் எழுதினேன், கவனிச்சீங்களா? இதுதான்னு அடிச்சுச் சொல்லலை. ஒரு வார்த்தைக்கு எவ்வளவு யோசிக்கறோம்.

அதை அவரு பட்டறை வாசல்ல நின்னு, ஊர்க்காரங்க, வேலையாளுங்க எல்லாரும் கேக்கப் படிச்சாராம். அந்தப் பொண்ணை அன்னிக்கே நிறுத்திட்டாங்க. நான் நிறுத்தச் சொல்லலை. எங்கயாவது 'நிறுத்துக'ன்னு எழுதியிருக்கனா?

அப்பறம் இன்னொண்ணு கேளுங்க. வேற ஒரு ஆளைப் போட்டாங்க. சங்கரப்பான்னு, பெரிய சோம்பேறி. குறிப்பே எழுத மாட்டாரு. சாக்பீஸ்ல கல்லு மேல கிறுக்கறதோட சரி. கோடு நின்னே போச்சுங்க! ஒரு கல்லுல கூட விழலை. தீர்த்தகிரி போன் பண்ணி, "நீங்க சொன்னதுதான் சார் சரி"ன்னாரு. ஆளை மாத்தினதும் சரியாப்போச்சு. இதுக்கு மேல ஒருத்தனுக்கு என்ன ஆதாரம் வேணும்?

அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணுச்சு. பதினோரு தடவை. நான் வேலையா இருந்தேன். வேலையா இருக்கறப்ப எடுக்க முடியுங்களா?

பங்குனியில ஒரு சமாச்சாரம் நடந்துச்சு. துருக்கியில ஒருத்தரு, மரத்துல பலகை செதுக்கறவரு, நெட்டுல என் லைப்ரரிக்குன்னு இருக்கற பக்கத்துல ஒரு குறிப்புப் போட்டாரு. ரெண்டே வரி. எங்க மொழி எழுத்தைப் போட்டால் வேலையின் கடைசிப் பகுதி வெட்டுப்படுகிறதுன்னு. இங்கிலீஷ்ல அழகா எழுதியிருந்தாரு. பாத்த உடனே எனக்குப் புரிஞ்சு போச்சு. பத்து நிமிசங்க! பத்தே நிமிசத்துல கண்டுபுடிச்சேன்.

உங்களுக்குச் சொன்னாப் புரியும். கம்ப்யூட்டருல இருந்து பெட்டிக்கு ஒரு சேதி, குறிப்பு உட்பட, போகுதுன்னா, அதோட தலையில 'உள்ள இத்தனை இருக்குது'ன்னு ஒரு கணக்கு எழுதணும். பெட்டி அந்தக் கணக்குக்கு வாங்கிட்டுக் கதவைச் சாத்திரும். இங்கிலீஷ் எழுத்து ஒண்ணு ஒரு இடம் புடிக்கும். தமிழ் எழுத்து மூணு இடம் புடிக்கும், சிலது அதுக்கும் மேல. கல்லுல வெட்டற பேரெல்லாம் வெறும் கோட்டுக் கணக்காப் போயிரும், வம்பு குறிப்புல இருக்கற எழுத்துதான். என் லைப்ரரி எழுத்தை எண்ணுச்சு. பெட்டி இடத்தை எண்ணுச்சு. அப்ப என்ன ஆகும்? ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ரெண்டு இடமாவது கணக்குல குறையும். அவ்வளவும் கடைசியில வெட்டுப்படும். கடைசியில இருக்கறது என்ன? 'முனையைத் தூக்கு'ங்கற கட்டளை. ஒரு அ போட்டா ரெண்டு இடந்தான் போகும், அது வெறும் முடிவுக் குறி, போனாலும் ஒண்ணும் ஆகாது. நீளமாப் போட்டா தூக்கறது போயிரும். இன்னும் நீளமாப் போட்டா கடைசி எழுத்தோட சுழியும் போயிரும்.

ஒரே ஒரு வரியை மாத்தினேன். சரியாப்போச்சு. துருக்கிக்காரருக்கு நன்றின்னு பேரு போட்டு, புதுசா வெளியிட்டேன்.

அப்ப அந்தப் பொண்ணு ஞாபகம் வந்துச்சுங்களான்னா... வந்துச்சு. வராம என்ன. சாப்பிட்டுட்டு இருந்தேன். சோத்துல கை வெச்சபடி கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்னு வீட்டுல சொல்றா. அப்பறம் வேலை வந்துருச்சு. தீர்த்தகிரிக்கு எழுதலாம்தான். ஆனா லைப்ரரிங்கறது நம்பிக்கையில ஓடறதுங்க. ஒரு ஊர்ல தப்புன்னு பேரானா பத்து ஊர்ல பரவிரும். அதையும் பாக்கணுமில்லீங்களா?

இப்பத்தான் என் வருத்தத்துக்கு வர்றேன். இவ்வளவு நேரம் சொன்னது முன்கதை.

வைகாசியில அந்தப் பொண்ணு நெட்டுல அதே லைப்ரரிப் பக்கத்துல வந்து தமிழ்லயே எழுதிருச்சு. அந்தத் துருக்கிக்காரரு குறிப்புக்குக் கீழயே. உலகமே பாக்கற இடத்துல. 'இதே தப்பை நான் ஐப்பசியிலேயே நேரில் சொன்னேன்'னு ஆரம்பிச்சு, எந்தத் தேதி, எந்தக் கல்லு, குறிப்புல எத்தனை எழுத்து, எங்க வெட்டுப்பட்டுச்சு, அந்த நோட்டு பூராவையும் போட்டிருச்சு. நான் 'அ' போட்டுக் காட்டினது உட்பட. 'தைரியமாத் தமிழிலேயே எழுதுங்கள் என்றார்' உட்பட. திட்டலைங்க. ஒரு வார்த்தை திட்டியிருந்தாக் கூட நான் பதில் சொல்லியிருப்பேன். சும்மா பட்டியலாப் போட்டிருந்துச்சு. கடைசியில ஒரு வரி. 'நான் இப்போது வேறு பட்டறையில் இருக்கிறேன். கோடு போடும் பெண் என்று சொல்லி என்னை மெஷின் பக்கம் விடுவதில்லை.'

எங்கிட்ட ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமில்லீங்களா? எதுக்கு ஊரறிய?

ஆமாங்க, பதினோரு தடவை பண்ணுச்சுதான். நாந்தான் சொன்னேன். பன்னெண்டாவது தடவை பண்ணியிருக்கலாம்.

கம்ப்யூட்டரு இப்பத்தான் எந்தப் பாஷையையும் மாத்திக் கொடுத்துருதே. அத்தனை பேரும் படிச்சுட்டாங்க. பிரேசில்ல இருந்து ஒருத்தரு, நான் இவ்வளவு துல்லியமான பிழைக் குறிப்பைப் பாத்ததே இல்லைன்னு பாராட்டறாரு. என்னையில்லைங்க, அந்தப் பொண்ணை. துருக்கிக்காரரு, "அந்தப் பெண்மணிக்கு வேலை திரும்பக் கிடைத்ததா?"ன்னு எங்கிட்டக் கேக்கறாரு. வாரா வாரம் கேக்கறாருங்க. அவரு மரவேலையை அவரு பாக்க வேண்டியதுதான? வீட்டுலயும் அதே கேள்வி. காலையில காப்பியை வெச்சுட்டு, "அந்தப் பொண்ணு?"ங்கறா. அவ்வளவுதான், வேற பேச்சே இல்லை.

சரின்னு நேத்து ஒரு கடுதாசி தயார் பண்ணினேன். நல்லா யோசிச்சு எழுதினேனுங்க. 'சில அரிதான சூழ்நிலைகளில் மென்பொருளில் ஏற்படக்கூடிய ஒரு சிறு பிசகு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டுள்ளது. எனவே மேற்படி நிகழ்வுக்கு இயக்குபவரை முழுமையாகக் குறை கூற இயலாது.' இதை எடுத்துட்டு இன்னிக்குக் காலையில அந்தப் பொண்ணு இருக்கற பட்டறைக்கே போயிட்டேன். நானே போனேன், யாரும் கூப்பிடலை.

பாலிஷ் போடற இடத்துல நிக்குது. கால்ல ரப்பர் பூட்ஸு, முட்டி வரைக்கும் கல்லுத் தண்ணி, கையெல்லாம் வெள்ளையா ஊறிக் கெடக்குது. அதைப் பாக்க எனக்கு ஒரு மாதிரிதாங்க இருந்துச்சு. மெஷின் முன்னாடி சுத்தமா உக்காந்திருந்த பொண்ணு. என்னைப் பாத்துட்டுப் போய்க் கையைக் கழுவுச்சு, புடவையில தொடைச்சுச்சு, அப்பறம் வந்து காயிதத்தை வாங்குச்சு. நின்னபடியே ரெண்டு தடவை படிச்சுச்சு.

"'முழுமையாக'ன்னா என்ன சார்? பாதி குறை சொல்லலாமா?"

"அப்படியில்லைம்மா, அது ஒரு எழுத்து நடை"ன்னேன்.

"'அரிதான சூழ்நிலை'ன்னா தமிழ்ல எழுதறதா சார்?"

பேனாவைக் கேட்டுச்சு. கொடுத்தேன். அது ரெண்டையும் அடிச்சுச்சு. 'சிறு பிசகு'ல 'சிறு'வையும் அடிச்சுச்சு. அப்பறம் மேல இருந்து மறுபடி படிச்சுட்டு, "இதுல யாரு எழுதின மென்பொருள்னு இல்லையே சார். தானா முளைச்ச மாதிரி இருக்குது"ன்னுச்சு.

"அதான் கீழ என் கையெழுத்து இருக்குதேம்மா."

"உள்ளயும் இருக்கட்டும் சார். 'நான் எழுதிய'ன்னு போடுங்க. 'அவர் சொன்னது சரி'ன்னும் போடுங்க."

அடிச்சது போக ஒண்ணும் மிஞ்சலை, பின்பக்கத்துல அது சொன்னபடியே புதுசா எழுதினேனுங்க. என்ன பண்றது, வேலை நேரத்துல நிறுத்தி வெச்சுட்டம். போட்டுக் கொடுத்துட்டு, "இதை உங்க முதலாளிகிட்டக் காட்டிக்கும்மா, நான் வர்றேன்"ன்னேன்.

"இங்க காட்டிப் பிரயோஜனமில்லை சார். பேச்சு அங்கிருந்துதான் கெளம்புச்சு. தீர்த்தகிரி அண்ணன் பட்டறைக்கு வந்து நீங்களே படிக்கணும்."

"எதுக்கும்மா? தபால்ல அனுப்பிட்டாப் போதுமே."

"உங்க அந்தக் காயிதத்தை எல்லார் முன்னாடியுந்தான் சார் படிச்சாங்க. நான் அங்கதான் நின்னுட்டிருந்தேன்."

மேஸ்திரிகிட்ட ரெண்டு மணி நேரம் பர்மிஷன் கேட்டுட்டு வந்துச்சு. ஷேர் ஆட்டோவுல போனோம். வழி பூரா நான் பேசிட்டே வந்தேன். இடம் எண்றது எழுத்து எண்றது எவ்வளவு நுணுக்கமான விஷயம், பெரிய பெரிய ஆளுங்களே அதுல தடுக்கி விழுந்திருக்காங்கன்னு. அது வெளியவே பாத்துட்டு வந்துச்சு.

தீர்த்தகிரி எங்க ரெண்டு பேரையும் சேத்துப் பாத்ததும் எந்திரிச்சுட்டாரு. துருக்கிக்காரரு எழுதினது, நான் பத்து நிமிசத்துல கண்டுபுடிச்சது, எல்லா விஷயத்தையும் சொன்னேன். உள்ள வாங்க, உக்காந்து பேசலாம்னாரு. அந்தப் பொண்ணு, "உள்ள வேண்டாம்ணா. அன்னிக்கு இங்கதான படிச்சீங்க"ன்னுச்சு. அவரு ஒரு நிமிசம் அதோட மூஞ்சியைப் பாத்தாரு. அப்பறம், "எல்லாரும் இப்படி வாங்கப்பா"ன்னு குரல் கொடுத்தாரு. பத்துப் பன்னெண்டு பேரு வந்து நின்னாங்க. ரெண்டு பேரு என்னைப் பாத்துச் சிரிச்சாங்க, பழைய ஞாபகத்துல.

பின்னாடி கல்லு அறுக்கற மெஷின் ஓடிட்டிருந்துச்சு. உங்களுக்குத் தெரியுமுங்களா அந்தச் சத்தம்? பக்கத்துல இருக்கறவன் கத்தினாலும் கேக்காது. எனக்கு அது சௌகரியமாத்தான் இருந்துச்சு. காயிதத்தை மூஞ்சிக்கு நேராப் புடிச்சுட்டுக் கடகடன்னு படிச்சேன். பாதி தாண்டிட்டேன். 'நான் எழுதிய மென்பொருளில்' கூடத் தாண்டிட்டேன். யாருக்கும் ஒண்ணும் கேட்டிருக்காது.

மெஷின் நின்னு போச்சுங்க.

யாரு நிறுத்தினதுன்னு தெரியலை. சங்கரப்பா சுவிட்சுகிட்ட நின்னுட்டிருந்தாரு. அந்த ஆளு இதுவரைக்கும் சொல்லாம ஒரு வேலை செஞ்சதில்லை. பட்டறையில அப்படி ஒரு அமைதி, எங்கயோ தண்ணி சொட்டறது கேக்குது.

"முதல்ல இருந்து படிங்க சார்"ன்னுச்சு அந்தப் பொண்ணு.

படிச்சேன். முதல்ல இருந்து. நான் எழுதிய மென்பொருளில் பிழை இருந்தது. அதனாலேயே கல்லில் கோடு விழுந்தது. நாகவேணி அவர்கள் அதை முதலிலேயே கண்டுபிடித்துச் சொன்னார். அவர் சொன்னது சரி. அவர் மீது எந்தக் குறையும் இல்லை. நான் எழுதினதுதாங்க, ஆனா படிக்கறப்ப வேற யாரோ எழுதின மாதிரி இருந்துச்சு.

யாரும் சிரிக்கலை. தீர்த்தகிரி, "நாளைக்கே வந்துரும்மா, மெஷின் உன்னுதுதான்"ன்னாரு.

"யோசிச்சுச் சொல்றேன்ணா"ன்னுச்சு. காயிதத்தை எங்கிட்ட இருந்து வாங்கி, அந்த நோட்டுக்குள்ள வெச்சுச்சு. ரெண்டு மணி நேரம் முடியப்போகுதுன்னு சொல்லிட்டு ரோட்டைத் தாண்டிப் போயிருச்சு. ஒரு நன்றி? இல்லீங்க. கோயமுத்தூர்ல இருந்து ஒரு மனுசன் பஸ் ஏறி வந்திருக்கறேன். எதிர்பார்த்துச் செய்யலை, இருந்தாலும் ஒரு மரியாதை இருக்குதில்லீங்களா?

அறுக்கற மெஷினை மறுபடி போட்டுட்டாங்க. எல்லாரும் அவங்கவங்க வேலைக்குப் போயிட்டாங்க. தீர்த்தகிரி மட்டும் அங்கயே நிக்கறாரு. டீ சொல்லட்டுங்களான்னு கூடக் கேக்கலை. எம் பக்கத்துல வந்து, காதுகிட்டக் குனிஞ்சு, "ஏன் சார், அது அன்னிக்கே இதைத்தான சார் சொல்லுச்சு? அட்சரம் மாறாம இதேதான? வெளிநாட்டுக்காரன் சொன்னதும் பத்து நிமிசத்துல புரிஞ்சுதுங்கறீங்க. அது சொன்னப்ப உங்களுக்கு ஏன் சார் புரியலை?"ன்னாரு.

நான் உள்ளதைச் சொன்னேனுங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது?

"அந்தப் பொண்ணு தமிழ்ல சொல்லுச்சுங்க"ன்னேன்.